குண்டும் வளரியும்

வெளிநாட்டில் இருக்கும் என் கல்லூரி நண்பன் ரைபிள் தோட்டாக்களைத் தானே நிரப்புகிறான். வீடியோ காலில் காட்டினான். மருந்தை கிரெய்ன் கணக்கில் நிறுக்கிறான். ஒரு கிராமுக்குப் பதினைந்து கிரெய்னுக்கு மேல் வரும். ஒவ்வொரு தோட்டாவும் முந்தையதைப் போலவே இருக்கணும், அவ்வளவுதான் ரகசியம் என்றான். "உங்க ராம்நாடு பக்கம் இதெல்லாம் கிடையாதுல்ல?"

"எங்ககிட்ட வளரி இருந்துச்சுடா."

சிரித்தான். எனக்குச் சுருக்கென்றது.

வளரி பற்றி இணையத்தில் சுற்றும் கதைகளில் பாதியை நானும் நம்புவதில்லை. அதனால் துப்பாக்கிப் பக்கமிருந்தே வருகிறேன். 1801இல் மருது சகோதரர்களுக்கு எதிராக வந்த கம்பெனிப் படையிடம் இருந்தது பிரவுன் பெஸ் வகை மஸ்கட். குழலின் விட்டம் முக்கால் அங்குலம், குண்டோ 0.69 அங்குலத்தை ஒட்டி. கரி படிந்த குழலிலும் குண்டு சட்டென்று இறங்க வேண்டும் என்பதற்காகவே இந்த இடைவெளி. சிப்பாய் காகிதத் தோட்டாவைப் பல்லால் கிழித்து, கொஞ்சம் மருந்தைப் பற்றவைக்கும் கிண்ணியில் கொட்டி, மிச்சத்தைக் குழலுக்குள் விடுவான். அந்தக் 'கொஞ்சம்' ஒவ்வொரு தடவையும் வேறு. என் நண்பன் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வான். தளர்வான குண்டு குழலின் சுவரில் மோதி மோதி வெளியேறும். கடைசியில் எந்தப் பக்கம் உரசியதோ அதற்கேற்பச் சுழலும். சுழற்சிக்கேற்பப் பாதை வளையும்.

துப்பாக்கிக் குண்டில் இதைச் சோதித்துக் காட்டியவர் பெஞ்சமின் ராபின்ஸ். குண்டை ஊசலில் மோதவிட்டு வேகத்தை அளக்கும் முறையை 1742இல் எழுதினார். பிறகு ஒரு குழலை வேண்டுமென்றே இடப்பக்கம் வளைத்துச் சுட்டார். குண்டு இடப்பக்கம் கிளம்பி வலப்பக்கம் திரும்பியது. குழலுக்குள் புரி வெட்டி, சுழற்சியை நாமே கொடுத்துவிட வேண்டும் என்றார். அதுதான் ரைபிள். இவர் இறந்தது எங்கே தெரியுமா? நம்ம கடலூர் புனித டேவிட் கோட்டையில், 1751இல். கம்பெனியின் கோட்டைகளைச் சீரமைக்க வந்த இடத்தில். ஐம்பது வருடம் கழித்தும் சாதாரண சிப்பாய்க்குப் புரியில்லாத குழல்தான். புரி வெட்டிய குழலை நிரப்ப நேரமாகும்.

வளரி பிறை போல வளைந்தது. மரத்தில் உண்டு, இரும்பில் உண்டு, தந்தத்திலும் உண்டு. ஒரு முனை கனம், மறுமுனை பிடி. கையிலிருந்து விடுபடும்போதே அதற்குச் சுழற்சி இருக்கிறது, எறிபவர் தெரிந்தே கொடுத்த சுழற்சி. ராபின்ஸ் கேட்டதும் இதைத்தானே? மருந்தும் தராசும் இல்லை. ஒவ்வொரு எறியும் முந்தையதைப் போலவே இருக்கவேண்டிய பொறுப்பு முழுக்கத் தோளுக்கும் மணிக்கட்டுக்கும்.

இது நான் ஊர்ப்பாசத்தில் சொல்வதல்ல. ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனி அதிகாரி 1830இல் வெளியிட்ட நினைவுக்குறிப்புகளில், தேர்ந்த கையில் வளரி நூறு கஜத்துக்குள் குறி தவறாது என்கிறார். எறியச் சொல்லிக்கொடுத்தவர் சின்ன மருது. 1790களில் மதுரையில் இருந்த இளம் அதிகாரிக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்திருக்கிறார்.

1801இல் அதே வெல்ஷ் எதிர்ப்படையில் வந்தார். சின்ன மருதுவைக் காட்டு விலங்கைப்போல விரட்டியதையும், தொடை எலும்பு முறிந்து அவர் சிறையில் கிடந்ததையும், தூக்கில் தொங்கியதையும் பார்த்ததாக எழுதியிருக்கிறார். தூக்கு நடந்தது அக்டோபர் 24, திருப்பத்தூரில். அந்த டிசம்பரிலேயே ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்லி எட்வர்ட் கிளைவின் அறிக்கை வந்தது.

நண்பனுக்கு வெல்ஷின் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினேன். "நூறு கஜமா?" என்று மட்டும் கேட்டான். பிறகு, "யாராச்சும் இப்ப அப்படி வீசுறாங்களா?"

தோளுக்குத் தெரிந்த கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை. இன்னும் பதில் போடவில்லை.