இசைக்கருவியின் ஆயுள்

"உமக்குச் சுருதி எத்தனை கட்டை?" என்று பாடகரைப் பார்த்துக் கேட்பது தமிழர் வழக்கம். இந்தக் கட்டை என்னும் சொல் எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. ஆர்மோனியப் பெட்டியின் மேல் வரிசையாக அமைந்துள்ள மரத்துண்டுகளே கட்டைகள். வெள்ளைக் கட்டைகள் ஒன்று முதல் ஏழு வரை எண்ணப்பெறும். இடையேயுள்ள கருங்கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை எனப் பெயர் பெறும். மூன்றாம் வெள்ளைக் கட்டைக்கும் நான்காவதற்கும் இடையே கருங்கட்டை இல்லை. ஆதலின், மூன்றரைக் கட்டைச் சுருதி என்பதும் இல்லை. பிறநாட்டிலே பிறந்த ஒரு பெட்டி, தமிழ்ப் பாடகரின் குரலுக்கே அளவுகோலாகிவிட்ட விந்தை இது.

அப்பெட்டி பிறந்த நாடு பிரான்ஸ். பாரிஸ் நகரத்து அலெக்சாந்தர் தெபேன் என்பவர் 1840களில் ஆர்மோனியம் என்னும் பெயரால் அதற்கு உரிமை பெற்றார். அது நாற்காலியில் அமர்ந்து, காலால் துருத்தியை மிதித்து, இரு கைகளாலும் வாசிக்கும் கருவியாக வளர்ந்தது. தரையில் அமர்ந்து பாடும் நம்மவர்க்கு அது எங்ஙனம் பொருந்தும்? கல்கத்தாவில் 1875இல் இசைக்கருவிக் கடை நிறுவிய துவாரகாநாத் கோஷ் இக்குறையைக் களைந்தார். துருத்தியைப் பெட்டியின் பின்புறத்துக்கு மாற்றி, இடக்கையால் காற்றூட்டவும் வலக்கையால் வாசிக்கவும் வகைசெய்தார். கால்கள் கழன்றன, பெட்டி சிறுத்தது, ஒருவரே தூக்கிச் செல்லத்தக்க கருவி உருவாயிற்று.

தூக்கிச் செல்லக்கூடிய கருவி, நாடகக் குழுக்களோடு ஊர் ஊராகச் சென்றது, கடலையும் கடந்தது. கொழும்பிலே, கொட்டாஞ்சேனையை அடுத்த ஜிந்துப்பிட்டி தமிழ் நாடகங்களுக்குப் பேர்பெற்ற இடமாக விளங்கியது. மருதானையில் 1911இல் திறக்கப்பெற்ற டவர் மண்டபத்திலே சிங்கள நூர்த்தி நாடகங்கள் ஆர்மோனியத்தின் துணையோடு நடைபெற்றன. எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் சேர்ந்து நடிக்கத் தொடங்கியதும் 1926ஆம் ஆண்டளவில் இலங்கை மேடையிலேதான். ஒலிபெருக்கி பரவாத அக்காலத்தில், கொட்டகையின் கடைசி வரிசை வரைக்கும் கேட்கக்கூடிய சுருதியைப் பாடகருக்கு அளிக்க ஆர்மோனியத்தை விட்டால் வேறு எளிய துணை இல்லை. கிட்டப்பாவுக்கு அவருடைய தமையனார் காசி ஐயரே ஆர்மோனியம் வாசித்து வந்தார்.

இங்ஙனம் ஊர் ஊராகச் சுமந்து செல்லப்பட்ட பெட்டி பழுதுபட்டால் என் செய்வது? இங்கேதான் அதன் சிறப்பு விளங்கும். ஆர்மோனியத்தின் உள்ளே மறைபொருள் ஒன்றுமில்லை. ஒவ்வொரு கட்டையும் ஒரு நெம்புகோல். அதனை அழுத்தினால் உள்ளேயுள்ள மூடி திறக்கிறது. துருத்தியின் காற்று, பித்தளை நாவு ஒன்றை அசைத்துக்கொண்டு வெளியேறுகிறது. அந்த அசைவே ஒலியாகிறது. நாவின் நுனியைச் சிறிது சுரண்டினால் சுருதி உயரும். அடிப்பகுதியைச் சுரண்டினால் தாழும். கட்டை உடைந்தால் தச்சர் செதுக்கித் தருவார். துருத்தி கிழிந்தால் தோலை ஒட்டிக்கொள்ளலாம். நாவு முறிந்தால் வேறொன்று வாங்கிப் பொருத்தலாம். குஜராத்திலுள்ள பாலிதானா என்னும் ஊர் நாவுகள் செய்யும் தொழிலுக்கே பேர்போனது. செய்தவர் மறைந்தாலும் கடை மூடப்பட்டாலும் கருவி மறையவில்லை. அதன் அளவுகளும் வேலைப்பாடும் பலர் கையில் இருந்தமையே காரணம்.

ஆயினும், ஆர்மோனியத்தை எல்லோரும் வரவேற்றனர் என்பதற்கில்லை. கொழும்பிலே பிறந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி, அதனை நம் இசைக்குக் கேடு என்று கண்டித்தார். அகில இந்திய வானொலி 1940ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதல் ஆர்மோனியத்தை ஒலிபரப்பிலிருந்து விலக்கியது. 1971இலேதான் அத்தடை ஓரளவு தளர்ந்தது. எதிர்த்தவர் கூறிய காரணம் எளிதில் தள்ளத்தக்கதன்று. கட்டைக்குரிய ஒலி ஒரே நிலையில் நிற்பது. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் கமகத்துக்கு அதிலே இடமில்லை. நுண்ணிய சுருதி வேறுபாடுகளையும் அது காட்டமாட்டாது. எளிதில் பழுதுபார்க்கத்தக்க கருவி, எளிதில் வளையாத கருவியாகவும் இருந்தது.

அந்த வளைவைக் கட்டைக் கருவிக்கு அளித்தது மின்னியல். 1920ஆம் ஆண்டளவில் ரஷ்ய அறிஞர் லியோன் தெரமின், கையால் தொடாமலே வாசிக்கும் மின்னிசைக் கருவி ஒன்றைக் கண்டார். அமெரிக்காவிலே ராபர்ட் மூக் என்னும் இளைஞர், பொழுதுபோக்காக அத்தகைய கருவிகளைச் செய்யத் தொடங்கினார். அதனைச் செய்யும் முறையை 1954இல் வானொலிப் பொழுதுபோக்காளர் ஏடொன்றில் எழுதி வெளியிட்டார். பின்னர் உறுப்புகளைப் பெட்டியிலிட்டு, வாங்குவோர் தாமே பூட்டிக்கொள்ளும் வண்ணம் விற்றார். அந்தப் பொழுதுபோக்கே 1964இல் ஹெர்பர்ட் டொய்ச் என்னும் இசையமைப்பாளரின் ஒத்துழைப்போடு சின்தசைசர் என்னும் மின்னிசைக் கருவியாக மலர்ந்தது. 1969இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மூக் கருவியொன்று அமைக்கப்பெற்றது. 1970இல், ஒருவரே தூக்கிச் செல்லத்தக்க சிறிய மூக் கருவி வெளிவந்தது. கல்கத்தாவில் ஆர்மோனியத்துக்கு நேர்ந்த மாற்றம் அமெரிக்காவில் மீண்டும் நிகழ்ந்தது எனலாம். அதன் இடப்புறத்தே அமைந்த சிறு சக்கரத்தைத் திருப்பினால் ஒலி வளையும். இத்தகைய சக்கரத்தின் துணையால், சென்னையைச் சேர்ந்த கே. சத்தியநாராயணன் போன்றோர் கட்டைக் கருவியிலே கருநாடக இசைக்குரிய கமகங்களை எழுப்பிக் காட்டியுள்ளனர்.

ஆனால், வளைவைப் பெற்ற கருவி வேறொன்றை இழந்தது. தச்சர் செதுக்கித் தந்த கட்டைக்குப் பதிலாகத் தொழிற்சாலை அச்சில் வார்த்த பிளாஸ்டிக் கட்டை வந்தது. பலவகைக் கருவிகளில், அதன் கீழே இரப்பர்க் குமிழ் ஒன்றும், குமிழின் உள்ளே கரிப்பொட்டும் உள்ளன. கட்டையை அழுத்தும்போது கரிப்பொட்டு மின்பலகையைத் தொட, ஒலி பிறக்கிறது. நாளடைவில் கரி தேயும், இரப்பர் கிழியும், பிளாஸ்டிக் நொறுங்கும். புதுக் கருவிகளை விற்கும் தொழிற்சாலை, பழையவற்றின் உறுப்புகளை என்றென்றும் செய்துகொண்டிராது. ஜப்பானியக் கோர்க் நிறுவனம் 1981இல் வெளியிட்ட பாலிசிக்ஸ் என்னும் கருவியை நோக்குக. கட்டைகளின் அசைவை அறியும் மின்பலகையிலேயே, நினைவைக் காக்கும் மின்கலம் ஒன்றும் பொருத்தப்பட்டிருந்தது. ஆண்டுகள் செல்ல, அக்கலம் கசிந்து, பலகையின் செப்புக் கோடுகளை அரித்தது. ஏனைய உறுப்புகள் யாவும் நலமாயிருந்தும், ஒரு பலகை கெட்டமையால் கருவி ஊமையாயிற்று.

அதற்கு மருந்து கண்டவர்கள் இசையிலும் மின்னியலிலும் ஆர்வம் கொண்ட தனிமனிதர்களே. அவர்கள் அரிக்கப்பட்ட பலகையின் சுற்றைக் கோடு கோடாக ஆராய்ந்து, அதற்கு ஈடான புதுப்பலகையை வரைந்து செய்தனர். உடைந்த கட்டைகளுக்கும் அவ்வாறே. ஒருவர் தம்மிடமுள்ள நல்ல கட்டையை வேர்னியர் இடுக்கிமானியால் அளந்து தருகிறார். வேறொரு நாட்டிலிருக்கும் ஒருவர் அவ்வளவுகளைக் கணினியிலே உருவமாக வரைகிறார். இன்னொருவர் முப்பரிமாண அச்சுப்பொறியில் அதனை வார்த்துத் தம் கருவியிலே பொருத்திப் பார்க்கிறார். அரை மில்லிமீற்றர் மிகுந்தாலும் கட்டை பக்கத்துக் கட்டையோடு உரசும். அக்குறை அறிவிக்கப்பட்டு, வரைபடம் திருத்தப்படுகிறது. இங்ஙனம் பன்முறை திருந்திய வரைபடம் பின்வருவோர் எவருக்கும் பயன்படுகிறது. இவர்களுள் பலர் ஒருவரையொருவர் நேரிற் கண்டவர்களும் அல்லர்.

அறிவைப் பகிர்வதன் பயனைக் கருவி செய்வோரும் உணராமலில்லை. 1983இல் ஜப்பானின் இக்குதாரோ கக்கேஹாஷியும் அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் முன்னின்று, வெவ்வேறு நிறுவனங்களின் மின்னிசைக் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கு உரிய மிடி என்னும் பொதுவிதியை உருவாக்கினர். அதற்கு அவர்கள் உரிமைப்பணம் கேட்கவில்லை. ஆதலினாலேயே நாற்பது ஆண்டுகள் கடந்தும் அவ்விதி வழக்கில் நிற்கிறது.

அளவுகள் பகிரப்படாவிடின் என்ன நேரும் என்பதற்கு வெளிநாட்டுச் சான்று தேடவேண்டியதில்லை. தமிழரின் யாழே சான்று. சங்கப் பாட்டுகள் போற்றிய யாழ், வழக்கொழிந்து மறைந்தது. அதனை மீட்க முன்வந்தவர், கொழும்பிலே விஞ்ஞானம் பயின்றவரும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் ஆனவருமாகிய விபுலாநந்த அடிகள். கையிலே கருவி இல்லை. செய்தவரின் குறிப்பும் இல்லை. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையையும் அதன் உரையையும் துணைக்கொண்டு, நரம்புகளின் முறையையும் சுருதிகளின் அளவையும் கணித்தே அவர் யாழை மீண்டும் எண்ணிக் காணவேண்டியதாயிற்று. பல்லாண்டு உழைப்பின் பயனாகிய யாழ்நூல் 1947ஆம் ஆண்டு ஜூன் மாதம் அரங்கேறியது. அடுத்த மாதமே, ஜூலை 19ஆம் நாள், அடிகள் கொழும்பிலே மறைந்தார். பழைய யாழாசிரியர் ஒருவர் தம் கருவியின் அளவுகளை ஓர் ஏட்டிலே எழுதி வைத்திருப்பாராயின், அப்பேரறிஞரின் உழைப்பில் எவ்வளவு எளிதாகியிருக்கும்!

மரக்கட்டையாயினும் பிளாஸ்டிக் கட்டையாயினும் ஒருநாள் தேய்வது உறுதி. தேய்ந்த கட்டைக்கு மாற்றுக் கட்டை செய்யும் அறிவு ஒருவரிடமே தங்கினால், அவரோடு கருவியும் முடியும்; பலரிடம் பரவினால், கருவி நிலைக்கும். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஓர் இல்லத்தின் மூலையில் தூசி படிந்து கிடக்கும் பழைய ஆர்மோனியத்தை இன்றும் திறந்து பார்க்கலாம்; பழுதை அறியலாம்; சரிசெய்து வாசிக்கலாம். அதன் அருகே கிடக்கும் மின்னிசைப் பெட்டிக்கும் அந்தப் பேறு கிட்டவேண்டுமாயின், அதனைத் திறந்து பார்க்கும் துணிவும், கண்டதை அளந்து பிறருக்கு எழுதித் தரும் மனமும் நம் இளைஞரிடையே வளர்தல் வேண்டும்.