தன்னைத்தானே சுமந்து செல்லும் சரக்கு

ஆலையில் உருவாகும் எந்தப் பொருளும் வாங்குபவரிடம் போய்ச் சேர ஒரு வண்டி வேண்டும். சிமெண்டுக்கு லாரி, நிலக்கரிக்குச் சரக்கு ரயில். ஆனால் அந்த லாரியே ஆலையில் உருவாகி வெளியே வரும்போது அதை யார் சுமப்பது? அதற்குத்தான் சக்கரமும் எஞ்சினும் இருக்கின்றனவே, ஓர் ஆளை ஏற்றிச் சாவியைக் கொடுத்துவிட்டால் தானே போய்விடாதா என்று நீங்கள் கேட்கலாம். போய்விடும், சந்தேகமில்லை. ஆனால் வண்டியை ஒப்படைத்த பிறகு அந்த ஆள் எப்படித் திரும்பி வருவார்? அந்தச் செலவும் அந்த நேரமும் யாருடைய கணக்கில் சேரும்? புது வண்டிகளை ஊர் சேர்க்கும் தொழிலின் வரலாற்றைப் புரட்டினால், எல்லாப் பக்கங்களிலும் இந்தக் கேள்வியே தலைகாட்டுகிறது.

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூரை நெருங்கும்போது பென்னலூர் வருகிறது. அதையடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1996-இல் ஹூண்டாய் ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1998-இல் அங்கிருந்து முதல் சான்ட்ரோ கார்கள் விற்பனைக்கு வந்தன. தெற்கே ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிசான் கார் ஆலையும், 2012-இல் டைம்லர் நிறுவனத்தின் பாரத்பென்ஸ் லாரி ஆலையும் திறக்கப்பட்டன. பென்னலூரில் சாலையோரமாகச் சற்று நேரம் நின்றால், இரண்டு அடுக்குகளில் கார்களைச் சுமந்த நீண்ட டிரெய்லர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போவதைக் காணலாம். இடையிடையே ஒரு விநோதமான வண்டியும் போகும். அதற்குக் கூரை இல்லை, கதவு இல்லை, பக்கச் சுவரும் இல்லை. இரண்டு நீண்ட இரும்புச் சட்டங்கள், எஞ்சின், சக்கரங்கள், ஸ்டீயரிங். அதன் பின்னே தலைக்கவசம் அணிந்து, முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒருவர். இதைத்தான் சேசிஸ் என்கிறோம். நூல்களில் அடிச்சட்டம் என்று எழுதுவதுண்டு.

வண்டியை முழுமையாகச் செய்து அனுப்பாமல் எலும்புக்கூடாக அனுப்புவானேன்? குதிரை வண்டிக் காலத்துப் பழக்கம் இது. அச்சும் சக்கரமும் ஒருவர் வேலை, மேற்கூடு இன்னொருவர் வேலை. மோட்டார் வந்தபோது மேற்கூடு கட்டும் வேலையைக் குதிரை வண்டி கட்டியவர்களே ஏற்றனர். 1840-இல் சென்னையில் தொடங்கிய சிம்ப்சன் நிறுவனம் இந்த வழியில் வந்ததுதான். 1948-இல் அசோக் மோட்டார்ஸ் நிறுவப்பட்டு, எண்ணூரில் முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது. பின்னர் லேலண்ட் காமெட் அடிச்சட்டங்களுக்குத் திரும்பி, 1955-இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. அடிச்சட்டம் எண்ணூரில் பிறந்தாலும் அது பேருந்தாவது கரூரில், லாரியாவது நாமக்கல்லில். வைக்கோல் ஏற்றுபவருக்கு ஒரு மாதிரி, கோழித் தீவனம் ஏற்றுபவருக்கு வேறு மாதிரி எனக் கூண்டு கட்டித் தர உள்ளூர்ப் பட்டறைகளால் முடிந்தது. எனவே ஆலைக்கும் பட்டறைக்கும் இடையே சில நூறு கிலோமீட்டர் தூரத்தை அடிச்சட்டம் தானே ஓடிக் கடக்க வேண்டியதாயிற்று.

அந்தப் பயணம் உடம்பை என்ன செய்கிறது என்பதற்குப் பௌதிகம் விடை சொல்லும். ஒரு பேருந்தின் வெற்று அடிச்சட்டம் ஏறக்குறைய 5 டன் இருக்கும். கூடு கட்டி ஆட்களை ஏற்றினால் 15, 16 டன் ஆகும். வில்தகடுகள் அந்த முழு எடையைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை. வில்லின் விறைப்பு மாறாமல் எடை மட்டும் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தால், அதிர்வெண் 3-இன் வர்க்கமூலத்தின் அளவு, அதாவது சுமார் 1.7 மடங்கு கூடும். நிறைந்த வண்டி நொடிக்கு இருமுறை மெல்ல ஆடுகிறது என்றால், காலிச் சட்டம் மூன்று நான்கு முறை துள்ளும். உட்கார்ந்திருக்கும் மனித உடல் மேலும் கீழுமான அதிர்வை மிகுதியாக உணர்வது நொடிக்கு 4 முதல் 8 வரையிலான அதிர்வெண்களில்தான். காலிச் சட்டத்தின் துள்ளல் அந்த எல்லையை நெருங்குகிறது. இடுப்பு வலி இந்தத் தொழிலின் நிழல்போல் தொடர்வதில் வியப்பில்லை.

தடுப்பிலும் ஒரு தொல்லை உண்டு. சக்கரத்துக்கும் சாலைக்கும் இடையேயுள்ள உராய்வு, சக்கரத்தின் மேலுள்ள எடையைப் பொறுத்தது. பின்னால் எடையில்லாத சட்டத்தில் பிரேக்கை ஓங்கி மிதித்தால் பின்சக்கரங்கள் எளிதில் பூட்டிக்கொண்டு சறுக்கும்; மழை நாளில் கேட்கவே வேண்டாம். சக்கரம் பூட்டுவதைத் தடுக்கும் இன்றைய பிரேக்குகள் இந்த ஆபத்தை வெகுவாகக் குறைத்திருக்கின்றன. வெயிலையும் தூசியையும் எந்தக் கருவியும் குறைக்கவில்லை.

வண்டியை ஓட்டியே அனுப்பும் முறை பெருமளவில் சோதிக்கப்பட்டது முதல் உலகப் போரில். 1917-இல் அமெரிக்கா போரில் இறங்கியபோது, அட்லாண்டிக் துறைமுகங்களை நோக்கிச் சென்ற சரக்கு ரயில்கள் நெரிசலில் முடங்கின. ராணுவத்துக்காகச் செய்த லாரிகள் ரயில் பெட்டிக்காகக் காத்துக் கிடந்தன. ஹட்சன் மோட்டார் நிறுவனத்தின் ராய் சேப்பின், லாரிகளைச் சாலை வழியே ஓட்டி அனுப்பலாம், போகும்போதே சரக்கும் ஏற்றலாம் என்ற திட்டத்தை முன்னின்று நடத்தினார். 1917 டிசம்பர் 14 அன்று ஒஹாயோ மாநிலத்து டொலிடோவிலிருந்து 30 பேக்கார்டு லாரிகள் பால்டிமோருக்குப் புறப்பட்டன. வழியில் பனி மூடிய அலகெனி மலைகள். 800 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்தைக் கடக்க மூன்று வாரங்கள் ஆயின. 29 லாரிகள் சேர்ந்தன. அந்த ஓட்டுநர்கள் படைவீரர்கள். அவர்கள் எப்படித் திரும்புவது என்பது ராணுவத்தின் கவலை.

தனியார் தொழிலில் அந்தக் கவலை ஓட்டுநரின் தலையில் விழுந்தது. இங்கிலாந்தில் புது வண்டிகளை ஒப்படைக்கும் ஓட்டுநர்கள், வணிகர்களுக்கென வழங்கப்படும் சிவப்பெழுத்துப் பலகைகளை வேலை முடிந்ததும் கழற்றிக்கொள்வார்கள். சாலையோரத்தில் அவற்றை உயர்த்திக் காட்டினால், தொழில் தெரிந்த லாரிக்காரர்கள் நிறுத்தி ஏற்றிக்கொள்வார்கள். நம் நாட்டில் ஜாம்ஷெட்பூரில், 1954-இல் டாட்டா லாரி உற்பத்தி தொடங்கிய ஊரில், இந்த வேலையைச் செய்பவர்களுக்குக் 'கான்வாய் டிரைவர்' என்றே பெயர். கூலி பெரும்பாலும் நடைக்கு இவ்வளவு என்ற கணக்கு. ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி வண்டியை ஒப்படைத்துவிட்டு ரயிலிலும் பஸ்ஸிலும் திரும்பும் நாட்களுக்குத் தனிக் கூலி கிடைப்பது அரிது.

திரும்பும் வண்டியும் ஓட்டுநருக்கே சொந்தம் என்றால் சிக்கல் தீர்ந்துவிடுமா? அதற்கும் ஒரு நாட்டின் அனுபவம் இருக்கிறது. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் எல்கார்ட் என்றொரு நகரம். சமையலறையும் படுக்கையும் கொண்ட, காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் பயண வீடுகளை 1930-களிலிருந்து அந்த வட்டாரம் செய்து வருகிறது. இந்த வீட்டுக்குச் சக்கரம் உண்டு, எஞ்சின் கிடையாது. சொந்தமாகப் பிக்கப் வண்டி வைத்திருப்பவர்கள் அதை மாட்டி இழுத்துச் சென்று, தொலைதூர விற்பனையாளரிடம் ஒப்படைக்கிறார்கள். அவர்கள் யாருக்கும் ஊழியர் அல்லர், ஒப்பந்தக்காரர்கள். கூலி மைலுக்கு இவ்வளவு. அதுவும் பெரும்பாலும் இழுத்துச் செல்லும் மைலுக்கு மட்டுமே.

இங்கேதான் கணக்கு உதைக்கிறது. 1,000 மைல் இழுத்துச் சென்றவர் வெறும் வண்டியாக 1,000 மைல் திரும்ப வேண்டும். நம் லாரிக்காரர்கள் சொல்லும் 'ரிட்டர்ன் லோடு' அவருக்கு எளிதில் அகப்படாது. விற்பனையாளரிடமிருந்து ஆலைக்குப் பயண வீட்டைத் திருப்பி அனுப்புபவர் யார்? ஆக, 1,000 மைல் கூலியில் 2,000 மைலுக்கு எரிபொருள், டயர் தேய்மானம், காப்பீடு அனைத்தும் அடங்க வேண்டும். வண்டியும் இழுவையும் சேர்ந்த எடை 10,001 பவுண்டை, அதாவது ஏறக்குறைய 4,536 கிலோவை எட்டி, மாநில எல்லையையும் தாண்டினால், பெரிய லாரிக்குரிய விதிகள் பல இவரையும் பிடித்துக்கொள்ளும்: மருத்துவச் சான்று, நேரப் பதிவு, 10 மணி நேர ஓய்வுக்குப் பின் 11 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என்ற கட்டுப்பாடு. சந்தை சரிந்தாலோ இழப்பு முழுவதும் அவருடையது. 2009 மார்ச்சில் எல்கார்ட் வட்டாரத்தில் வேலையின்மை 18 விழுக்காட்டைத் தாண்டியபோது, வண்டிக் கடனின் தவணை மட்டும் நிற்கவில்லை. சொந்த வண்டி இருப்பதைச் சுதந்திரம் என்று சொல்கிறார்கள். பாதி உண்மை என்பேன்.

பென்னலூர் வழியே போகும் கார் டிரெய்லர் இந்தக் கணக்கை வேறு விதமாகப் போடுகிறது. 18.75 மீட்டர் நீளத்துக்குள் அடங்க வேண்டிய இந்த வண்டியில் ஒரே ஓட்டுநர் பல கார்களைக் கொண்டுபோகிறார். வடக்கே குருகிராம், மானேசர் பகுதிகளில் உருவாகும் கார்கள் தெற்கே விற்பனையாவதால், திரும்பும்போது அவற்றை ஏற்றிவர வழி உண்டு. ரயிலின் அளவோ இன்னும் பெரிது. தனியார் நிறுவனங்கள் கார் ரயில்களை இயக்க 2010-இல் வழி செய்யப்பட்டது. இரண்டடுக்குப் பெட்டிகள் கொண்ட ஒரு ரயில் 300-க்கு மேற்பட்ட கார்களை ஏற்றும். இந்தப் பகுதியின் கார்கள் வாலாஜாபாத் நிலையத்திலிருந்து ரயிலேறுகின்றன. 2017 அக்டோபரில் சென்னைத் துறைமுகத்திலிருந்து 185 அசோக் லேலண்ட் லாரிகள் ஒரே கப்பலில் வங்காளதேசத்தின் மோங்லா துறைமுகத்துக்குச் சென்றன. அதுவரை அப்படிப்பட்ட லாரிகள் சாலை வழியே எல்லை வரை ஓடி, அங்கே நாள்கணக்கில் வரிசையில் நின்றன. அந்த ஒரு கப்பல் எத்தனை நெடும்பயணங்களை மிச்சப்படுத்தியது என்று பாருங்கள். எத்தனை பேரின் நடைக்கூலியை இல்லாமல் செய்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அப்படியானால் அடிச்சட்டத்தை மட்டும் இன்னும் ஓட்டிச் செல்வது ஏன்? 12 மீட்டர் நீளமுள்ள பேருந்துச் சட்டத்தை டிரெய்லரில் ஏற்றினால் ஒன்றுக்கு மேல் ஏறாது. ஒரு சட்டத்தை அனுப்ப ஒரு பெரிய லாரியும் அதற்கு ஓர் ஓட்டுநரும் என்றால் என்ன மிச்சம்? எனவே தானே ஓடுவதே மலிவு.

சட்டம் இந்த ஓட்டத்துக்கு இடம் வைத்திருக்கிறது. கூடு கட்டும் பட்டறைக்குப் பதிவில்லாத வண்டியை ஓட்டிச் செல்ல, 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் வணிகச் சான்று இடம் தருகிறது. தற்காலிகப் பதிவு பெற்ற வண்டியில் மஞ்சள் தளத்தில் சிவப்பெழுத்து இருக்கும். வண்டிக்கு இப்படி ஏற்பாடு செய்த சட்டம் ஆளை அவ்வளவாகக் கவனிக்கவில்லை. நாளுக்கு 8 மணி நேர வேலை என்று வகுத்த 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்த நிறுவனங்களுக்கே பொருந்தியது. நடைக்கு ஒருவராக ஒப்பந்தத்தில் போனவர் அந்தக் கணக்கில் எங்கே வருவார்?

அண்மையில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரகச் சரக்கு வண்டிகளின் ஓட்டுநர் அறையில் குளிர்சாதனம் இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் புது லாரியை ஊர் சேர்ப்பவரும் குளிர்ந்த அறையில் உட்கார்ந்து போகிறார். பேருந்துச் சட்டத்துக்கு இந்த விதி இல்லை. அறையே இல்லாத வண்டியில் குளிர்சாதனத்தை எங்கே பொருத்துவது? கரூருக்குப் போகும் அந்தச் சட்டத்தின் ஓட்டுநர் முன்போலவே துண்டைச் சுற்றிக்கொண்டு புறப்படுகிறார். பட்டறையில் வண்டியை ஒப்படைத்துக் கையொப்பம் வாங்கிக்கொண்டு, பையைத் தோளில் மாட்டிப் பேருந்து நிலையத்துக்கு நடக்கிறார். சென்னைக்கு டிக்கெட் அவர் செலவு.