கோடையில் ஊர் திரும்புவோரும் கம்பங்கூழும்

கோடை விடுமுறையில் ஊர் திரும்புவோர் முதலில் நாடுவது தாய்வீட்டு உணவையே. சென்னை, திருப்பூர், பெங்களூரு எனப் பிழைக்கச் சென்ற திண்டுக்கல் மக்களும் இதற்கு விலக்கல்லர். ஆனால் திண்டுக்கல்லின் உணவு யாதெனக் கேட்டால் இளையோர் பிரியாணி என்பர்; முதியோர் சிலர் கம்பங்கூழ் என்பர். இவ்விரு விடைகளுக்கும் நடுவே ஒரு நெடிய வரலாறு கிடக்கின்றது.

பிரியாணியின் கதை சுருக்கமானது. 1957-ஆம் ஆண்டு நாகசாமி நாயுடு என்பார் இந்நகரில் ஆனந்த விலாஸ் பிரியாணி ஓட்டலைத் தொடங்கினார். அவர் அணிந்த தலைப்பாகையே பின்னாளில் கடையின் பெயராயிற்று. சீரகச் சம்பா அரிசியும் கன்னிவாடிச் சந்தை ஆட்டுக்கறியும் அதற்குத் தனிச்சுவை தந்தன. அச்சுவையில் நமக்கும் குறை காண மனமில்லை. எனினும் அது விருந்துச் சோறு. இச்சமவெளி மக்களின் அன்றாட உணவாக அது என்றும் இருந்ததில்லை.

வேடசந்தூர், வடமதுரைப் பகுதிகள் மழையை நம்பிய செம்மண் காடுகள். கம்பு, சோளம், சாமை, வரகு, குதிரைவாலி ஆகியவையே அங்கு விளைந்தன. நெல் குளத்தடியிலும் கிணற்றடியிலும் மட்டுமே. எளியோர் வீட்டில் அரிசிச் சோறு பொங்கிய நாள்கள் சிலவே: கிறிஸ்து பிறப்பு, பாஸ்கா, பங்குத் திருவிழா, ஒரு திருமணம். ஏனைய நாள்களில் கூழும் களியும் சோளச்சோறும்.

அந்தக் கூழ் எளிதில் வந்துவிடவில்லை. கம்பை நீர் தெளித்து உரலில் இட்டு இடிக்க வேண்டும். உமியைப் புடைத்து நீக்கி மீண்டும் இடிக்க வேண்டும். இரவில் காய்ச்சி ஆறவைத்து, மறுநாள் மோர் விட்டுக் கரைக்க வேண்டும். சின்ன வெங்காயத்தையும் மோர்மிளகாயையும் கடித்துக்கொண்டு ஆண்கள் அதைப் பருகிவிட்டு ஏர் ஓட்டச் சென்றனர். உலக்கை பிடித்த கை எவருடையது? நாள் முழுதும் களை பறித்துத் திரும்பிய பெண்ணுடையது. பழைய உணவைப் புகழ்ந்து எழுதுவோர் இந்த உலக்கையைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர்.

உணவு தகுதியின் அடையாளமாகவும் இருந்தது. 1606-இல் மதுரை வந்த இராபர்ட் தெ நொபிலி அடிகளார் உயர்ந்தோர் தம்மை ஏற்கவேண்டி அரிசியும் பாலும் கீரையும் கொண்டு ஒருவேளை மட்டுமே உண்டார். அவர் இலையில் வரகும் கம்பும் இடம்பெற்றிருந்தால் எத்தனை பேர் செவிசாய்த்திருப்பர் என்பது சிந்தனைக்குரியது.

1875-இல் திருச்சி-மதுரை இருப்புப்பாதை திண்டுக்கல் வழியே வந்தது. மறு ஆண்டே மழை பொய்த்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சத்தில், நிவாரண வேலைகளில் உழைத்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவுமே போதும் என 1877-இல் சர் ரிச்சர்டு டெம்பிள் வரையறுத்தார். அது உயிர் தாங்கப் போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதிட்டார். காடு காய்ந்தால் கூழும் இல்லை என்னும் அச்சம் தலைமுறைகளைத் தாண்டி நின்றது.

ஆகவே, 1972-இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் அமைந்து, நியாயவிலைக் கடைகள் சிற்றூர்கள்தோறும் பெருகியபோது மக்கள் கம்பை விட்டு அரிசியைப் பற்றிக்கொண்டதில் வியப்பென்ன? 2011-இல் அரிசி விலையில்லாமலே கிடைத்தது. உரல்கள் முற்றத்தில் கவிழ்ந்தன. இதை வெறும் நாகரிக மோகம் என்று பழிப்பது நமக்கு உடன்பாடன்று. திருவிழா நாளின் சோற்றை எல்லா நாளும் உண்ண ஏழை விரும்பினான், அவ்வளவே.

கிரேக்க நாட்டிலும் இதையொத்த வரலாறு உண்டு. 1941-42 பஞ்சத்திலும் அந்நியர் ஆட்சியிலும் மக்களின் உயிரைக் காத்தது 'பொபோதா' என்னும் மக்காச்சோள ரொட்டி. பஞ்சம் தீர்ந்தபின் அதன் பெயரைக் கேட்கவும் அத்தலைமுறையினர் பலர் விரும்பவில்லை. இன்று அதே ரொட்டி பாரம்பரிய உணவாகக் கொண்டாடப்படுகின்றது. நம்மிடையேயும் 2023-ஐ ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாக அறிவித்தபின் கம்பும் குதிரைவாலியும் பளபளக்கும் பொட்டலங்களில், அரிசியை விஞ்சிய விலையில் நகரக் கடைகளை அலங்கரிக்கின்றன. பசித்தவன் வெறுத்ததை நிறைந்தவன் விலைகொடுத்து வாங்குகின்றான்.

விவிலியத்தில் வாற்கோதுமை ஏழையின் தானியம். ஆண்டவர் ஐயாயிரம் பேருக்குப் பகிர்ந்தளித்த ஐந்து அப்பங்களும் வாற்கோதுமை அப்பங்களே என்பதை யோவான் மட்டுமே குறித்து வைத்தார். பஞ்சத்தால் மோவாபுக்குப் பெயர்ந்த நகோமி, கணவனையும் மைந்தரையும் இழந்து பெத்லகேம் திரும்பியதும் வாற்கோதுமை அறுவடையின் தொடக்கத்தில்தான். ஊரார் அவரை அடையாளம் காணத் தயங்கினர். மருமகள் ரூத்து கதிர் பொறுக்கச் சென்றாள். வயலில் தான் வயிறார உண்டு எஞ்சியதை மாமியாருக்கு எடுத்து வந்தாள். ஊர் திரும்பிய அக்குடும்பத்தின் முதல் உணவு, பிறர் வயலில் பொறுக்கிய ஏழைத் தானியம்.

வேடசந்தூர்ப் பக்கத்துக் காடுகளில் சோளம் இன்றும் அழிந்துவிடவில்லை. பெரும்பகுதி தீவனத்திற்காக விதைக்கப்படுகின்றது. பசுந்தட்டையைக் கண்டு, "இது கரும்பா, அப்பத்தா?" என்று வினவும் பேரப்பிள்ளைகளைப் பார்த்திருக்கின்றோம். "மாட்டுக்குய்யா" என்பதே விடை. அதை உண்டு தாம் வளர்ந்ததை அந்த அப்பத்தாக்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.