சாப்பா

போன டிசம்பரில் ஊருக்குப் போனபோது, குடும்பத்தோடு கொச்சிக்கும் ஒரு நடை போய் வந்தோம். மட்டாஞ்சேரியில் டச்சு அரண்மனை, யூதர் தெரு, சுக்கும் மிளகும் மணக்கும் பழைய கிடங்குகள் எல்லாம் பார்த்தாச்சு. தங்கமணி ஏலக்காய் பேரம் பேசிக்கொண்டிருக்க, நான் ஒரு கிடங்குத் திண்ணையில் லேப்டாப்பைத் திறந்துவிட்டேன். லீவுதான். ஆனால் ஆணி விடுமா?

"யாரும் கூப்பிடலையேப்பா, அப்புறம் ஏன் பாக்கறே?" என்றாள் மகள். சொல்லத் தெரியவில்லை.

திரும்பி வந்தபின் ராஜீவ் ரவியின் 'துறைமுகம்' (2023) பார்த்தேன். கே.எம். சிதம்பரன் எழுதிய நாடகத்தை வைத்து எடுத்த மலையாளப் படம். நான் உட்கார்ந்திருந்த அதே மட்டாஞ்சேரியின் கதை.

1920ல் கொச்சிக்கு வந்த ராபர்ட் பிரிஸ்டோ, கடல் வாயிலில் கிடந்த மணல்திட்டை வெட்டிப் பெரிய கப்பல்கள் உள்ளே வர வழி செய்தார். கப்பல் வந்தது, மூட்டை வந்தது. மூட்டை தூக்க, தேவைக்கு மேல் ஆளும் வந்தது. இருக்கிற வேலையை எப்படிப் பங்கிடுவது? அதற்குத்தான் சாப்பா. முத்திரை குத்திய சின்ன உலோக வில்லை. காலையில் கூடி நிற்கும் கூட்டத்துக்குள் கங்காணி அதை வீசி எறிவான். முட்டி மோதிப் பொறுக்கியவனுக்கு அன்றைக்கு வேலை. கிடைக்காதவன் வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியாது. நாளைக்கு மறுபடி முதலிலிருந்து.

இதை எதிர்த்து நடந்த போராட்டத்தில், 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் சுட்டது. சைது, சைதலவி, ஆன்டணி என்று மூன்று தொழிலாளிகளின் உயிரை அந்தப் போராட்டம் வாங்கியது.

அவர்கள் கேட்டது என்ன என்று யோசித்துப் பாருங்கள். மூட்டையின் கனத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. நாளைக்கும் வேலை உண்டு என்ற உறுதியைக் கேட்டார்கள். 1948ம் வருடத் துறைமுகத் தொழிலாளர் சட்டத்தின் அடிப்படையே அதுதான்: ஆட்களைப் பதிவு செய், முறை வைத்து வேலை கொடு, வந்து நின்றும் வேலை இல்லாத நாளுக்கு ஒரு தொகை கொடு. கொச்சியிலும் பின்னால் இந்த முறை வந்தது, சாப்பா ஒழிந்தது.

இப்போது நம்ம கதை. ஏசி அறையில் பொட்டி தட்டுகிறவன், மூட்டை தூக்கியவரோடு என்னை ஒப்பிட்டால் அடிக்க வருவீர்கள். நியாயம்தான். அந்தப் பசி எனக்குத் தெரியாது. ஆனால் இங்கே அமெரிக்காவில் ஹெச்1பி விசாக்காரனுக்கு வேலை போனால், அதிகபட்சம் 60 நாள். அதற்குள் வேறு வேலை, இல்லையென்றால் மூட்டை முடிச்சு. எங்கள் குழுவில் ஒருவருக்கு ஒரு காலையில் அடையாள அட்டை கதவைத் திறக்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து நாங்கள் யாரும் ஏழு மணிக்கு முன்னால் வீட்டுக்குக் கிளம்பவில்லை. எந்த மேனேஜரும் இருக்கச் சொல்லவில்லை. சொல்லத் தேவையே இல்லாமல் போனது.

தூக்கம் போய், முதுகு போய், டாக்டரிடம் போனேன். யோகா, நடைப்பயிற்சி, மூச்சுப்பயிற்சி என்று பட்டியல் கொடுத்தார். எல்லாம் நல்லதுதான். ஆனால் நாளைக்குச் சாப்பா கிடைக்குமா என்று பயப்படுகிறவன் மூச்சை எவ்வளவு நேரம் இழுத்து விடுவான்?

மகளிடம் அன்றைக்குச் சொல்லாத பதிலை இந்த ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். பயம்தாம்மா என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மத்த அங்கிளுங்களுக்கும் பயமா? அவங்ககிட்ட கேட்டியா?" என்றாள்.

இத்தனை வருடத்தில் ஒருவரிடமும் கேட்டதில்லை.