பூட்டிலிருந்து பொத்தானுக்கு: பொதுப் பூங்காக்களில் அவசரத் தொலைபேசி வந்த வரலாறு

முன்னுரை

பூங்காவில் நடக்க வந்த முதியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிகிறார். அல்லது இருட்டிய பாதையில் ஒரு பெண் தாக்கப்படுகிறார். உதவி வந்து சேர இரண்டு செய்திகள் தேவை: ஆபத்து நேர்ந்திருக்கிறது என்பது ஒன்று, எந்த இடத்தில் என்பது மற்றொன்று. தெருவென்றால் கதவு எண்ணும் கடைப் பெயரும் இடத்தைக் காட்டிவிடும். மரங்களும் வளைந்து செல்லும் நடைபாதைகளும் நிறைந்த பூங்காவில் அத்தகைய அடையாளங்கள் அரிது. அங்கு நிறுவப்படும் அவசரத் தொலைபேசி, அழைப்பவர் வாய் திறப்பதற்கு முன்பே இடத்தைச் சொல்லிவிடுகிறது. இக்கருவி பூங்காவுக்குள் வந்து சேர்ந்த வழியை இக்கட்டுரை ஆராய்கிறது. யார் இதைப் பயன்படுத்தலாம் என்ற கேள்விக்குச் சமூகம் காலந்தோறும் அளித்த விடையே இக்கருவியின் வடிவத்தைத் தீர்மானித்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

பூட்டிய பெட்டிகள்

தொலைபேசி பிறப்பதற்கு முன்பே அவசர அழைப்புப் பெட்டி பிறந்துவிட்டது. வில்லியம் சானிங், மோசஸ் ஃபார்மர் ஆகிய இருவரும் உருவாக்கிய தந்திவழித் தீயறிவிப்பு முறை 1852 ஏப்ரலில் பாஸ்டன் நகரில் செயல்படத் தொடங்கியது. தெருப்பெட்டியின் கைப்பிடியைச் சுழற்றினால் அந்தப் பெட்டியின் எண் தந்திக் குறியாக மைய அலுவலகத்தை எட்டும். பேச்சு இல்லை, இடம் மட்டுமே செய்தி. இன்றைய அவசரத் தொலைபேசியின் அடிப்படைத் தத்துவம் இதுவே.

பொய்யழைப்புகளுக்கு அஞ்சிப் பெட்டிகளைப் பூட்டி, சாவியைக் காவலரிடமும் அக்கம்பக்கத்தில் நம்பிக்கைக்குரிய சிலரிடமும் கொடுத்துவைத்தனர். 1872 நவம்பர் 9 அன்று பாஸ்டனின் வணிகப் பகுதியைப் பெருந்தீ பற்றியபோது, முதல் அறிவிப்பு தாமதமானதற்கு இந்தப் பூட்டும் ஒரு காரணமாயிற்று.

கிரகாம் பெல் 1876இல் காப்புரிமை பெற்ற தொலைபேசி, சில ஆண்டுகளிலேயே காவல் பணிக்கு வந்தது. சிகாகோ காவல்துறை 1880இல் தெருக்களில் நிறுவிய பெட்டிகளில் ரோந்துக் காவலர் நிலையத்தோடு பேசத் தொலைபேசி இருந்தது. திருட்டு, கலவரம், விபத்து என வகைப்படுத்திக் காட்டும் முள்ளும் இருந்தது. நன்மதிப்புள்ள குடிமக்களுக்கு எண்ணிட்ட சாவிகள் வழங்கப்பட்டன. ஒருவர் சாவியை நுழைத்தால் காவலர் வந்து விடுவிக்கும்வரை அதை வெளியே எடுக்க முடியாது. யார் அழைத்தார் என்பது அதனால் தெரிந்துவிடும். உதவி கேட்பவரே முதலில் தம் யோக்கியதையை நிரூபிக்க வேண்டியிருந்தது. சாவியற்ற ஏழைக்கும் வழிப்போக்கருக்கும் அந்தப் பெட்டி வெறும் இரும்புதான்.

திறந்த கதவு

இந்தத் தடை பிரிட்டனில் விலகத் தொடங்கியது. கிளாஸ்கோவில் 1891இலேயே காவல் பெட்டிகள் இருந்தன. சண்டர்லாந்தில் 1923இல் ஃபிரெடரிக் கிராலி என்ற காவல் தலைவர் அவற்றை நகர் முழுவதற்குமான வலையமைப்பாக மாற்றினார். லண்டனில் 1929 முதல் கில்பர்ட் மெக்கென்சி டிரெஞ்ச் வடிவமைத்த நீலப் பெட்டிகள் எழுந்தன. அவற்றின் சிறு கதவைத் திறந்து பொதுமக்கள் எவரும் காசின்றிக் காவல் நிலையத்தோடு பேசலாம். உச்சியிலிருந்த விளக்கு ஒளிர்ந்தால், ரோந்திலுள்ள காவலர் வந்து பேச வேண்டும். இப்படிக் குடிமகனும் காவலரும் ஒரே கருவியைப் பகிர்ந்துகொண்டனர்.

1935இல் லண்டன் விம்போல் தெருத் தீவிபத்தில் ஐந்து பெண்கள் இறந்தனர். தீயணைப்புத் துறையை அழைக்க முயன்றவரின் அழைப்பு தொலைபேசி நிலையத்தின் வரிசையிலேயே காத்துக்கிடந்தது. அதன் விளைவாக 1937 ஜூன் 30 அன்று 999 என்ற எண் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவில் 911 எண்ணின் முதல் அழைப்பு 1968இல் அலபாமாவின் ஹேலிவில் ஊரில் நிகழ்ந்தது. அவசர அழைப்பு அனைவருக்குமான உரிமை என்ற கருத்து இவ்வாறு வேரூன்றியது.

பூங்காவுக்குள்

843 ஏக்கர் பரப்புள்ள நியூயார்க் சென்ட்ரல் பார்க், இடமறியும் சிக்கலுக்குத் தனக்கே உரிய விடையொன்றைக் கண்டது. அதன் விளக்குக்கம்பங்கள் ஒவ்வொன்றிலும் எண் பொறித்த தகடு உண்டு. முதல் இலக்கங்கள் அருகிலுள்ள குறுக்குத்தெருவைக் குறிக்கும். இறுதி இலக்கம் ஒற்றைப்படையானால் மேற்குப் பகுதி, இரட்டைப்படையானால் கிழக்குப் பகுதி. இதோடு, பூங்காவின் காவல் நிலையத்தோடு நேரடியாக இணைந்த அவசர அழைப்புப் பெட்டிகளும் உள்ளன.

1989 ஏப்ரலில் அப்பூங்காவில் ஓட்டப்பயிற்சியில் இருந்த பெண் கொடூரமாகத் தாக்கப்பட்டது நாட்டையே உலுக்கியது. குற்றவாளிகளெனத் தண்டிக்கப்பட்ட ஐந்து கறுப்பின, லத்தீன் இன இளைஞர்களின் தண்டனை 2002இல் ரத்தானது. அச்சம் ஒரு நகரத்தை எவ்வளவு பெரிய அநீதிக்கும் இட்டுச்செல்லும் என்பதற்கு இது சான்று. அவசரத் தொலைபேசியின் அறம் இங்கே தெளிவாகிறது. அது எவரையும் முன்கூட்டிச் சந்தேகிப்பதில்லை. உதவி வேண்டியவர் அழைக்கும்போது மட்டுமே இயங்குகிறது.

அதே காலத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழக வளாகங்களில் உச்சியில் நீல விளக்கும் ஒற்றைப் பொத்தானும் கொண்ட தூண்கள் பரவின. லீஹை பல்கலைக்கழக விடுதியில் 1986இல் மாணவி ஜீன் கிளெரி கொல்லப்பட்டதும், வளாகக் குற்றங்களை வெளியிட வேண்டுமென்ற 1990ஆம் ஆண்டுச் சட்டமும் பாதுகாப்பு பற்றிய விழிப்பை வளர்த்தன. இருட்டிலும் கண்ணில்படும் அந்தத் தூண் வடிவத்தைப் பின்னர் பூங்காக்களும் ஏற்றன.

நீதிமன்றத்தில் ஒரு பெட்டி

1990களின் நடுவில் நியூயார்க் மாநகராட்சி தன் தெருக்களிலிருந்த அவசர அழைப்புப் பெட்டிகளை அகற்ற முனைந்தது. பெரும்பாலான அழைப்புகள் பொய்யானவை, கட்டணத் தொலைபேசியிலிருந்தே 911ஐ இலவசமாக அழைக்கலாம் என்பது அதன் வாதம். காது கேளாதோர் சங்கம் வழக்குத் தொடுத்தது. பேசவோ கேட்கவோ இயலாதவருக்குக் கட்டணத் தொலைபேசி பயன்படாது. பெட்டியிலோ பொத்தானை அழுத்தினாலே இடம் தெரிந்துவிடும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்கீழ், 1996இல் நீதிபதி ராபர்ட் ஸ்வீட் பெட்டிகளை அகற்றத் தடை விதித்தார். தடையை நீக்கக் கோரி மாநகராட்சி மீண்டும் முயன்றபோது, 2011இல் அதுவும் நிராகரிக்கப்பட்டது.

1852இன் பெட்டிக்கு இருந்த இயல்பு, அதாவது பேச்சில்லாமலே இடத்தைச் சொல்லும் ஆற்றல், ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் ஒரு குடிமை உரிமையாக ஏற்கப்பட்டது. எத்தனை அழைப்புகள் வருகின்றன என்பதைவிட, அந்த அழைப்பைத் தவிர வேறு வழியில்லாதவர் யார் என்பதே சரியான அளவுகோல் என்பதை இவ்வழக்கு நிறுவியது.

கைப்பேசிக் காலம்

கைப்பேசி பரவியதும் பல இடங்களில் இப்பெட்டிகள் தேவையற்றவையாகக் கருதப்பட்டன. ஜப்பானில் 2000களின் தொடக்கத்தில் பொத்தான், கேமரா, பேசும் கருவி மூன்றும் இணைந்த பாதுகாப்பு விளக்குகள் தெருக்களிலும் பூங்காக்களிலும் நிறுவப்பட்டன. பிற்காலத்தில் பல ஊர்களில் அவை கழற்றப்பட்டன.

இந்தியாவில் எதிர்த்திசையிலும் ஓர் ஓட்டம் உண்டு. கைப்பேசிகளில் அவசரப் பொத்தான் கட்டாயம் என 2016இல் விதி வகுக்கப்பட்டது. 112 என்ற ஒற்றை எண்ணும் வந்தது. அதே சமயம், பெண்கள் பாதுகாப்புக்கான நிர்பயா நிதியில் சென்னை உட்பட எட்டு நகரங்களுக்குப் பாதுகாப்பான நகரத் திட்டம் அறிவிக்கப்பட்டது. அதன்கீழ் பெங்களூரில் கட்டுப்பாட்டு அறையோடு இணைந்த பாதுகாப்புத் தீவுகள் பொது இடங்களில் நிறுவப்பட்டன. கைப்பேசியும் நிலைத்த கருவியும் ஒன்றையொன்று நிரப்புகின்றன என்ற புரிதலே இதற்கு அடிப்படை. பறிக்கப்படுவதும் மின்னூட்டம் தீர்வதும் கைப்பேசிதான். விளையாட வந்த சிறுவர்களிடம் அது பெரும்பாலும் இருப்பதில்லை.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து பூங்கா நிர்வாகங்கள் நான்கு நெறிகளைப் பெறலாம். சாவி, காசு, பேச்சு எதுவும் தேவைப்படாத பொத்தானே அமைய வேண்டும். அது சிறுவர் கைக்கும் சக்கர நாற்காலிக்கும் எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு கருவியின் எண்ணும் கட்டுப்பாட்டு அறையின் வரைபடத்திலும் ரோந்துக் காவலரின் கையிலும் ஒன்றாக இருக்க வேண்டும். மாதந்தோறும் ஒவ்வொரு பொத்தானையும் அழுத்திப் பார்த்து, பதில் வர எடுத்த நேரத்தைப் பூங்கா வாயிலில் எழுதி வைக்க வேண்டும். பழுதான அவசரத் தொலைபேசி, அது இல்லாததைவிடத் தீங்கானது. தப்பி ஓட வேண்டியவரை அது அங்கேயே நிறுத்திவிடும். எனவே கருவி வாங்க ஒதுக்கும் பணத்தோடு, அதற்குப் பதில் சொல்லும் மனிதர்களுக்கும் பராமரிப்புக்கும் ஆண்டுதோறும் நிதி ஒதுக்கும் நகரமே தன் பூங்காக்களைப் பாதுகாப்பானவை என்று சொல்லும் தகுதி பெறுகிறது.