மலைப்பாதை ஓட்டத்தில் பெருநிறுவன ஆதிக்கமும் ஓட்டக்காரர்களின் எதிர்ப்பும்

தார்ச்சாலையை விட்டு விலகி, காட்டுத்தடங்களிலும் மலையேற்றப் பாதைகளிலும் ஓடும் பந்தயத்தை மலைப்பாதை ஓட்டம் என்பர். மாரத்தானின் 42.195 கிலோமீட்டரைத் தாண்டினால் அது அல்ட்ரா ஓட்டம். நூறு மைல், அதாவது சுமார் 160 கிலோமீட்டர், இதன் மரபான பெருந்தூரம். இரவு பகலாக ஓடி, தூக்கத்தையும் குளிரையும் தாங்கி முடிப்பவருக்கு நெடுங்காலமாகக் கிடைத்துவந்தது ஒரு பதக்கமும் ஊராரின் கைதட்டலும்தான். இத்தகைய விளையாட்டில் 2021-க்குப் பிறகு பெரும் பூசல் ஒன்று எழுந்தது. புகழ்பெற்ற ஒரு பந்தயத்தின் பெயரைக் காட்டி உலகெங்கும் உள்ள பந்தயங்களை ஒரே குடையின்கீழ் கொண்டுவரலாமா, அந்தப் புகழை உண்டாக்கிய ஓட்டக்காரர்களுக்கு அதில் சொல்லுரிமை உண்டா என்பதே அந்தப் பூசல். அதன் மையம் பிரான்சில் மோன் பிளாங் மலையடிவாரத்திலுள்ள ஷாமொனி என்ற ஊர்.

பின்னணி

நூறு மைல் ஓட்டத்தின் தாயகம் அமெரிக்கா. கலிபோர்னியாவில் குதிரைகளுக்காக நடந்துவந்த ஒரு நூறு மைல் பந்தயத்தில், 1974-இல் கார்டி ஐன்ஸ்லி என்பவர் குதிரையில்லாமல் தம் கால்களாலேயே ஓடி, 24 மணிநேரத்துக்குள் முடித்துக்காட்டினார். அதிலிருந்து பிறந்தது வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் ஓட்டம். அது இன்றும் இலாப நோக்கற்ற அமைப்பால் நடத்தப்படுகிறது, பரிசுப்பணம் இல்லை. பாதை காப்புக்காட்டின் வழியே செல்வதால் ஓடுவோர் எண்ணிக்கைக்கு அரசு அனுமதியே வரம்பு கட்டியிருக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 370 பேர்தான் ஓட முடியும். வளர நினைத்தாலும் வளர முடியாத பந்தயம் அது.

ஷாமொனியின் கதை வேறு. மோன் பிளாங்கைச் சுற்றி பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து ஆகிய மூன்று நாடுகளின் வழியே ஓடும் அல்ட்ரா-டிரெயில் டு மோன் பிளாங், சுருக்கமாக யு.டி.எம்.பி., 2003-இல் தொடங்கியது. கேத்தரின் போலெத்தி, மிஷெல் போலெத்தி தம்பதியர் அதன் நிறுவனர்களில் முதன்மையானவர்கள். முதல் ஆண்டில் சுமார் 700 பேர் புறப்பட்டனர். மழையும் குளிரும் வாட்டியதில் முழுச் சுற்றையும் முடித்தவர்கள் 67 பேர் மட்டுமே. ஆண்களில் நேபாளத்தைச் சேர்ந்த தாவா ஷெர்பாவும் பெண்களில் அமெரிக்காவின் கிரிஸ்ஸி மோலும் வென்றனர். இன்று பாதையின் நீளம் ஏறத்தாழ 170 கிலோமீட்டர். மொத்த ஏற்றம் சுமார் 10,000 மீட்டர். கால வரம்பு நாற்பத்தாறரை மணிநேரம். ஆகஸ்ட் இறுதியில் நடக்கும் இந்த ஓட்டத்துக்கும் அதே வாரத்தில் நடக்கும் துணை ஓட்டங்களுக்கும் சேர்த்துப் பல்லாயிரம் பேர் ஷாமொனியில் கூடுகின்றனர்.

இந்தப் புகழ் விளம்பரத்தால் மட்டும் வந்ததன்று. 2008-இல் 20 வயது கத்தலான் இளைஞர் கிலியன் ஜோர்னெட் இதை வென்றபோது ஐரோப்பாவே திரும்பிப் பார்த்தது. 2009, 2011, 2022 ஆண்டுகளிலும் அவரே வென்றார். 2022-இல் 20 மணிநேரத்துக்குள் ஓடி முடித்தார். பந்தயம் அவரை வளர்த்தது, அவர் பந்தயத்தை வளர்த்தார். பின்னாளில் எழுந்த சண்டையின் கசப்பு புரிய இந்த ஒட்டுறவை நினைவில் கொள்ள வேண்டும்.

அயர்ன்மேன் வருகை

2021 மே மாதம் யு.டி.எம்.பி. குழுமமும் அயர்ன்மேன் குழுமமும் கூட்டுச் சேர்ந்ததாக அறிவிப்பு வெளியானது. நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் மூன்றையும் சேர்த்த அயர்ன்மேன் போட்டியும் எளிய தொடக்கம் கொண்டதே. 1978-இல் ஹவாயில் 15 பேர் தொடங்கி 12 பேர் முடித்த பந்தயம் அது. ஆனால் காலப்போக்கில் அது கைமாறும் சொத்தானது. 2015-இல் சீனாவின் வாண்டா குழுமம் அதை 65 கோடி டாலருக்கு வாங்கியது. 2020-இல் அமெரிக்க ஊடகக் குழுமமான அட்வான்ஸ் 73 கோடி டாலருக்கு வாங்கியது. மலைப்பாதை ஓட்டக்காரர்கள் அஞ்சியதற்குக் காரணம் ஊகம் அன்று. பக்கத்து வீட்டில் நடந்ததைக் கண்ணால் பார்த்திருந்தார்கள்.

கூட்டின் விளைவாக யு.டி.எம்.பி. உலகத் தொடர் உருவானது. பல நாடுகளில் ஏற்கெனவே நடந்துவந்த பந்தயங்கள் தம் பெயருக்குப் பின்னால் ‘பை யு.டி.எம்.பி.’ என்று சேர்த்துக்கொண்டன. ஆனால் பெயர்ப்பலகையைவிட முக்கியமானது நுழைவு விதி. முன்பெல்லாம் ஷாமொனிக் குலுக்கலில் பெயர் கொடுக்க, உலகின் எந்த மூலையிலும் நடக்கும் ஏற்கப்பட்ட பந்தயங்களில் ஓடிப் புள்ளி சேர்த்தால் போதும். ஊருக்குப் பக்கத்தில் நடக்கும் சிறு பந்தயமும் கணக்கில் வரும். புதிய முறையில் ‘ரன்னிங் ஸ்டோன்’ எனப்படும் கற்கள் வேண்டும். அந்தக் கற்கள் உலகத் தொடர் பந்தயங்களில் மட்டுமே கிடைக்கும். 20 கிலோமீட்டர் பிரிவில் ஒரு கல், 50-இல் இரண்டு, 100-இல் மூன்று, நூறு மைலில் நான்கு. ‘மேஜர்’ எனப்படும் கண்டப் பந்தயங்களில் இருமடங்கு. கற்கள் கூடக் கூடக் குலுக்கலில் வாய்ப்பும் கூடும்.

கோயில் வாசலுக்குப் போகும் வழியெல்லாம் ஒருவரே சுங்கச்சாவடி வைத்ததைப் போன்றது இது. ஷாமொனி ஆசை உள்ள சாதாரண ஓட்டக்காரர் தொடர் பந்தயங்களுக்கே பணம் கட்ட வேண்டும். நாட்டில் அப்படியொன்று இல்லையென்றால் விமானம் ஏற வேண்டும். தொடரில் சேராத உள்ளூர்ப் பந்தயம் கூட்டத்தை இழக்கும். சேர்ந்தால் கூட்டம் வரும், தன்னுரிமை போகும். அமைப்பாளர்களின் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. வர விரும்புவோர் இடங்களைவிடப் பன்மடங்கு இருக்கும்போது ஏதாவது ஒரு சல்லடை தேவைதான். ஆனால் சல்லடையைப் பிடித்திருப்பவரே தானியக் கடையும் வைத்திருப்பது வேறு விஷயம்.

முந்தைய எதிர்ப்புகள்

ஓட்டக்காரர்களின் குரலுக்கு விதி வளைந்துகொடுத்த முன்மாதிரி ஒன்று உண்டு. 2018-இல் பிரிட்டனின் சோஃபி பவர், குழந்தை பிறந்து மூன்று மாதத்தில் யு.டி.எம்.பி. ஓடினார். காயமடைந்தவர் தம் இடத்தை மறு ஆண்டுக்குத் தள்ளிவைக்க அப்போது வழியிருந்தது, கருவுற்றவருக்கு இல்லை. இத்தாலியின் கூர்மாயூர் நிலையத்தில் அவர் குழந்தைக்குப் பாலூட்டும் படம் உலகெங்கும் பரவியது. அவர் முன்னணி வீராங்கனை அல்லர். ஆனாலும் கருவுற்றோருக்கான தள்ளிவைப்பு விதி பின்னர் வந்தது. பவர் இதைத் தம் தனிக்குறையாக நிறுத்திவிடவில்லை. பந்தயங்களில் பெண்களுக்குச் சமவாய்ப்புக் கோரும் ‘ஷீ ரேசஸ்’ அமைப்பைத் தொடங்கினார்.

2022-இல் தொழில்முறை மலைப்பாதை ஓட்டக்காரர் சங்கம் உருவானது. ஊக்கமருந்துச் சோதனை, பெண்களுக்குச் சமநிலை, பரிசுப்பணம் முதலியவற்றில் அமைப்பாளர்களுடன் பேச ஒரு பொதுக்குரல் வேண்டும் என்பது அதன் நோக்கம்.

2023-இல் பந்தயத்தின் பெயரிலேயே ‘டாசியா’ என்ற கார் நிறுவனத்தின் பெயர் ஒட்டப்பட்டது. டாசியா, ரெனோ குழுமத்தின் ருமேனியக் கிளை. பனியாறுகள் உருகிப் பின்வாங்குவதைக் கண்முன்னே காட்டும் பள்ளத்தாக்கில் கார் விளம்பரமா என்று பிரிட்டனின் ‘கிரீன் ரன்னர்ஸ்’ குழு கேட்டது. டேமியன் ஹால், ஜாஸ்மின் பாரிஸ் போன்ற பெயர்பெற்ற ஓட்டக்காரர்கள் தொடங்கிய குழு அது. டாசியாவைக் கைவிடக் கோரித் திறந்த மடல் வெளியிட்டது. 2024-இல் பந்தயத்தின் முன்னொட்டு ‘ஹோகா’ என்ற காலணி நிறுவனத்துக்குப் போனது.

விஸ்லர்

அதுவரை முணுமுணுப்பாக இருந்ததைக் கூச்சலாக்கியது கனடாவின் விஸ்லர் நகரம். அங்கே கேரி ராபின்ஸ் என்ற ஓட்டக்காரர் ‘விஸ்லர் ஆல்பைன் மெடோஸ்’ என்ற பந்தயத்தை நடத்திவந்தார். 2017-இல் அமெரிக்காவின் கொடிய பார்க்லி ஓட்டத்தில் 60 மணிநேர வரம்பை ஆறு விநாடியில் தவறவிட்டவர் என்றால் இந்த விளையாட்டை அறிந்தோர்க்கு உடனே நினைவு வரும். அவருடைய பந்தயம், வெய்ல் ரிசார்ட்ஸ் நிறுவனத்துக்குச் சொந்தமான பனிச்சறுக்கு வளாகத்தின் மலையில் நடந்தது. 2023 தொடக்கத்தில் அந்நிறுவனத்துடன் ஒப்பந்தப் பேச்சு முறிந்ததால் பந்தயம் நின்றுபோனது. அதே ஆண்டு அக்டோபரில், அதே விஸ்லரில் 2024 செப்டம்பரில் யு.டி.எம்.பி. பந்தயம் நடக்கும் என்று அறிவிக்கப்பட்டது.

ராபின்ஸ் நடந்ததை விரிவாக எழுதி வெளியிட்டார். அவரை வெளியேற்றவில்லை என்று எதிர்த்தரப்பு மறுத்தது. சட்டப்படி யார் பக்கம் சரி என்பதை ஓட்டக்காரர் உலகம் கேட்கவேயில்லை. ஆண்டுதோறும் தன்னார்வலர்களைத் திரட்டிப் பாதையைச் செப்பனிட்டவர் வெளியே நிற்க, பெரிய பெயர் உள்ளே வந்தது என்ற காட்சியே போதுமானதாக இருந்தது. எளிதாக ஒட்டிக்கொள்ளும் கதை அது. உண்மை அதைவிடச் சிக்கலானதாக இருந்தாலும், மலைச்சரிவு ஒரு தனியார் கையிலும் பந்தயப் பெயர் இன்னொரு தனியார் கையிலும் இருக்கும்போது இடையில் நிற்பவருக்குப் பிடிமானம் இல்லை என்பது பொய்யன்று. அதே பருவத்தில் யு.டி.எம்.பி. நேரலையின் ஆங்கில வர்ணனையாளரும் ஓட்டக்காரருமான கொரின் மால்கம் அந்தப் பணியிலிருந்து விலக்கப்பட்டது எரிகிற நெருப்பில் எண்ணெயானது.

மின்னஞ்சல்

2024 ஜனவரியில் ஒரு மின்னஞ்சல் கசிந்தது. எழுதியவர்கள் கிலியன் ஜோர்னெட்டும், 2023 யு.டி.எம்.பி.-யில் இரண்டாமிடம் பெற்ற அமெரிக்கர் சாக் மில்லரும். முன்னணி ஓட்டக்காரர்களுக்குத் தனிப்பட அனுப்பப்பட்ட அந்த மடல், 2024 ஷாமொனி ஓட்டத்தைப் புறக்கணிப்பது பற்றியும் மாற்றுப் போட்டி ஒன்றை நடத்துவது பற்றியும் பேசியது. வெளியில் வந்ததும் பரபரப்பானது. சகாக்களின் கருத்தறியும் முயற்சியாகவும், மாற்றத்துக்கான அழுத்தமாகவுமே இருவரும் அதை விளக்கினர்.

புறக்கணிப்பு நடக்கவில்லை. காரணம் கோழைத்தனம் அன்று. இந்த விளையாட்டின் கூலி முறை. கால்பந்து வீரருக்குச் சம்பளம் தருவது அணி. மலைப்பாதை ஓட்டக்காரருக்குத் தருவது காலணி, உடை நிறுவனங்கள். அந்நிறுவனங்களுக்கு ஷாமொனி வாரம்தான் ஆண்டின் பெருஞ்சந்தை. 2023-இல் வென்ற ஜிம் வால்ம்ஸ்லி ஹோகாவின் வீரர். அந்த ஹோகாவே மறு ஆண்டு பந்தயத்தின் முதன்மை விளம்பரதாரர். இந்நிலையில் வேலைநிறுத்தம் யாருக்கு எதிரானது? ஜோர்னெட்டோ 2022 முதல் ‘நார்மல்’ என்ற காலணி நிறுவனத்தின் பங்காளி. தம் கடையைத் தாமே நடத்துபவரால் துணிந்து பேச முடிந்தது; அதே காரணத்தால் அவரை வணிகத்துக்கு வெளியே நிற்கும் துறவியாகவும் காட்ட முடியாது.

பிறகு

போலெத்தி தம்பதியர் பேச்சுக்குத் தயார் என்றனர். எதிர்ப்பின் கண்கூடான பலன், ஓட்டக்காரர் சங்கம் பேச்சுமேசையில் புறக்கணிக்க முடியாத தரப்பானது. கல் முறை நீடித்தது. மறுபுறம், ஹாங்காங் 100, மவுண்ட் ஃபூஜி 100, டிரான்ஸ்கிரன்கனாரியா, கேப் டவுன் உள்ளிட்ட ஒன்பது தனித்த பந்தயங்கள் சேர்ந்து ‘வேர்ல்ட் டிரெயில் மேஜர்ஸ்’ என்ற தொடரை 2024-இல் தொடங்கின. பெரிய மீனுக்கு எதிராகச் சிறிய மீன்கள் கூட்டமாக நீந்துவது போன்ற ஏற்பாடு.

2024 ஆகஸ்டில் யு.டி.எம்.பி. வழக்கம்போல் நடந்தது. ஆண்களில் வென்றவர் பலரும் எதிர்பாராத வின்சென்ட் பூயார். தொழில்முறை ஓட்டக்காரர் அல்லாத அவர் ஹோகாவில் பணியாற்றும் பொறியாளர். பெண்களில் கேட்டி ஷைட் பாதைச் சாதனையை முறியடித்தார். நட்சத்திரங்கள் சிலர் வராவிட்டாலும் பந்தயம் நடக்கும் என்பதை அந்த வாரம் காட்டியது. ஜோர்னெட் அங்கே இல்லை. அதே மாதத்தில் அவர் ஆல்ப்ஸில் 4,000 மீட்டருக்கு மேற்பட்ட 82 சிகரங்களை 19 நாட்களில் ஏறிக்கொண்டிருந்தார். நுழைவுக் கட்டணமும் இல்லை, குலுக்கலும் இல்லை.

2025-இல் அவர் அமெரிக்காவின் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் ஓட்டத்துக்குத் திரும்பி மூன்றாமிடம் பெற்றார். அங்கே இடம் பெற ஒரு வழி, குறிப்பிட்ட சில பந்தயங்களில் முன்னணியில் வந்து ‘கோல்டன் டிக்கெட்’ வாங்குவது. அவர் அதை வாங்கியது இத்தாலியின் கியான்டி ஓட்டத்தில். அது யு.டி.எம்.பி. உலகத் தொடரைச் சேர்ந்த பந்தயம்.