நசுங்கத் தெரிந்த இரும்பு

சென்ற மாதம் மருமகன் புதுக் காரில் பாளையங்கோட்டைக்கு வந்தார். முன்பக்கம் தடித்த இரும்புக் கம்பி மாட்டியிருந்தார். "மாமா, இனி எதுல இடிச்சாலும் வண்டிக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். "வண்டிக்கு ஆகாது மாப்பிள்ளை, உள்ள இருக்கவங்களுக்கு?" என்றேன். இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு.

நாங்கள் அம்பாசடர் காலத்து ஆட்கள். தகடு தடிமனாக இருந்தால் உயிர் தப்பும் என்று நம்பினோம். ஆனால் மோதும்போது வண்டியின் வேகம் எதிலாவது செலவாகியே தீர வேண்டும். வண்டி நசுங்காவிட்டால் அதிர்ச்சி மனிதர் மேல்தான் இறங்கும். உட்காரும் அறை உறுதியாகவும், முன்னும் பின்னும் நசுங்கும்படியும் இருக்கட்டும் என்றார் மெர்சிடிஸ் பென்ஸில் பணியாற்றிய பெலா பரேனி. 1952இல் காப்புரிமை கிடைத்தது. 1959இல் அப்படிப்பட்ட கார் விற்பனைக்கு வந்தது.

நசுங்குவதிலும் ஒரு ஒழுங்கு வேண்டும். மெல்லிய உலோகக் குழாயை நெடுக்காக அழுத்தினால் அது மடிப்பு மடிப்பாகச் சுருங்கும். அதற்கு எவ்வளவு விசை தேவை என்று 1960இல் அலெக்சாண்டர் கணக்குப் போட்டுக் காட்டினார். நான் பாலிடெக்னிக் ஆய்வகத்தில் வேலை பார்த்தபோது ஒரு குழாய்த் துண்டை அழுத்திப் பார்த்தோம். சேலைக் கொசுவம் போல வரிசையாக மடிந்தது. ஒவ்வொரு மடிப்பும் மோதலின் ஆற்றலில் ஒரு பங்கை விழுங்குகிறது.

பிறகு குழாய்க்குள் நுரையை நிரப்பிப் பார்த்தார்கள். சோப்பு நுரை அல்ல. ஸ்பாஞ்ச் போலக் காற்றறைகள் நிறைந்த கெட்டிப் பொருள். 1986இல் ரீட், ரெட்டி, கிரே மூவரும் பாலியூரிதேன் நுரை நிரப்பிய குழாய்களைப் பற்றி எழுதினார்கள். 2000 வாக்கில் நார்வேயின் ட்ரோன்ட்ஹெய்மில் அலுமினிய நுரையைச் சோதித்தார்கள். குழாய் தனியாகவும் நுரை தனியாகவும் தாங்குவதைக் கூட்டினால் வருவதைவிட, இரண்டும் சேர்ந்து அதிகம் தாங்கின. சுவர் உள்பக்கம் மடிய நுரை இடம் கொடுக்காததால் மடிப்புகள் சிறிதாகி, எண்ணிக்கை கூடுகிறது.

சிறுவயதில் குறுக்குத்துறைக்குக் குளிக்கப் போகையில் பப்பாளிக் காம்பை ஊதிக்கொண்டு போவோமே, லேசாக வளைத்தாலே மடங்கிவிடும். சோளத்தட்டை அப்படி மடங்காது. உள்ளே நெட்டி இருக்கிறது. ஆனால் நுரை அளவுக்கு மிஞ்சிக் கெட்டியானால் குழாய் மடியாமல் பக்கவாட்டில் வளைந்து, பயனற்றுப் போகும். விலையும் செய்முறைச் சிரமமும் இருப்பதால் பெரும்பாலான கார்களில் இன்றும் வெற்றுக் குழாய்கள்தான்.

நம் நாட்டில் புதிய மாடல் கார்களுக்கு 2017 அக்டோபரிலும், எல்லாக் கார்களுக்கும் 2019 அக்டோபரிலும் மோதல் சோதனை கட்டாயமானது. சென்னையை அடுத்த ஒரகடத்திலேயே அதற்கான ஆய்வகம் இருக்கிறது. இப்படிச் சோதித்து வந்த வண்டியில்தான் நாம் கம்பியை மாட்டுகிறோம். குழாய் மடிவதற்கு முன்பே கம்பி இடியை நேராகச் சட்டத்துக்குக் கடத்திவிடும்; ஏர்பேக் விரியும் நேரமும் தவறலாம். எதிரே நடந்து வருபவருக்கும் ஆபத்து. அதனால்தான் 2017 டிசம்பரில் இந்தக் கம்பிகள் மீது நடவடிக்கை எடுக்கும்படி மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது.

மருமகன் மறுநாளே கழற்றிவிட்டார். கம்பி இப்போது எங்கள் கொல்லையில் பீர்க்கங்கொடியைத் தாங்கி நிற்கிறது. உங்கள் பிள்ளைகளின் வண்டியிலும் இருந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.